ஞானசுந்தரி கடல் பார்த்த விதம்

ஓய்வெடுத்தே தீருவது என்று ஜெகநாதன் முடிவு செய்துவிட்டார்.

எதிலிருந்து ஓய்வு என்று கேட்கக் கூடாது. உழைத்தவன்தான் ஓய்வெடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் சாலவாக்கத்தில் பாதி ஆம்பிளைகளுக்கு ராத்திரித் தூக்கமே கிடைத்திருக்காது. நாற்று நட்டது கூலிக்காரிகள். அறுத்ததும் அவர்களே. போரடித்தது, தூற்றியது, மூட்டை பிடித்தது எல்லாம் வேறு கைகள். அத்தனை கைகளுக்கும் கூழும் குழம்பும் ஆக்கிக் கூடையில் வைத்து வரப்புக்கு அனுப்பியது அவர் மனைவி ஞானசுந்தரி. ஜெகநாதன் களத்துமேட்டில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். குடை பெரிய குடை. கை கடுத்துப் போயிற்று.

போதாததற்கு வீட்டு நிர்வாகம் வேறு இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் செங்கல்பட்டுக்குப் போய், சாவி கொடுக்கிற சுவர்க் கடிகாரம் ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் மாட்டினார். இத்தனை மணிக்குக் காப்பி, இத்தனை மணிக்குச் சாப்பாடு, இத்தனை மணிக்குப் பலகாரம் என்று ஞானசுந்தரிக்குச் சட்டம் போட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு தவறியதில்லை. முன்பெல்லாம் அப்படியா? திடீர் திடீரென்று அடுப்பு பற்றாது. தம்பி வீட்டிலிருந்து உப்புச் சப்பில்லாத குழம்பு தூக்குச்சட்டியில் நேரங்கெட்ட நேரத்தில் வந்து சேரும். கடிகாரம் வந்தது, வீடு திருந்தியது. அதற்கப்புறம் ஊரில் எவன் பெண்டாட்டியைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டாலும் ஜெகநாதனிடம் ஒரே மருந்துதான். "மொதல்ல ஒரு கடியாரம் வாங்கி மாட்டுய்யா."

இப்படி உடம்பாலும் மூளையாலும் உழைத்து ஓடாய்ப் போயிருந்த சமயத்தில்தான், உத்திரமேரூரில் சாமுவேலைப் பார்த்தார். சாமுவேல் பள்ளிக்கூடத்தில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ரயில்வேயில் சேர்ந்து, சுற்றிச் சுற்றிக் கடைசியில் ராமேஸ்வரம் தீவில், பாம்பன் ஸ்டேஷனில் வேலை. அங்கேயே தங்கச்சிமடத்தில் பெண் எடுத்தவன். மச்சானுக்குக் கடலோரமாகத் தென்னந்தோப்பு இருக்கிறதாம். தோப்பில் ஒரு குடிசை. ஆள் அரவம் கிடையாது. அலைகூட அங்கே அடங்கித்தான் பேசும். "வந்து நாலு நாள் காத்து வாங்கிக்கினு தூங்கு, ஜெகா. மார்த்தா ஒனக்குன்னு தனிச் சட்டி வெச்சி மரக்கறியா ஆக்கிப் போடுவா" என்றான் சாமுவேல்.

சவரக்கடை வாசல். பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேர் கேட்டால் ஜெகநாதனுக்குக் குரல் தானாக உயரும்.

"காத்து வாங்க வரேன், சாமுவேலு. ஆனா வேத்து மனுசங்க கையில சாப்பிடறது எங்க பரம்பரையிலயே கெடையாது. எங்க வூட்டு ஆசாரம் ஒனக்குத் தெரியாதா?"

சாமுவேலுக்குத் தெரிந்ததெல்லாம், ஐந்தாம் வகுப்பில் தன் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சாதத்தைப் பாதிக்கு மேல் தின்ற ஒரு ஜெகநாதனைத்தான். ஆசாரம் பிற்பாடு, அப்பாவின் நிலத்தோடு சேர்ந்து கைக்கு வந்தது. ஆனாலும் சாமுவேல் நல்லவன். சிரித்துவிட்டு, சரி, வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதுவரை ஞானசுந்தரியைக் கூட்டிக்கொண்டு போகிற எண்ணம் ஜெகநாதனுக்கு இருந்ததில்லை. யோசித்துப் பார்த்தபோது நியாயமாகத்தான் பட்டது. ஓய்வெடுக்கிற இடத்தில் சமைக்க ஆள் வேண்டாமா?

வீட்டுக்கு வந்து சொன்னார். மாவரைத்துக்கொண்டிருந்த ஞானசுந்தரியின் கை நின்றது. கல்யாணமான புதிதில் அவள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கடல் பார்க்க வேண்டும். மாமல்லபுரம் ஒன்றும் காசி ராமேஸ்வரம் இல்லை. சைக்கிளிலேயே போய்த் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஜெகநாதன் அன்று சொன்ன பதில் இன்றைக்கும் செல்லுபடியாகிறது. "கடல்ல இன்னா கீது? தண்ணி. நம்ம ஏரியில கீறதும் தண்ணிதான். போயி கரையில நின்னு பாத்துட்டு வா." இருபத்தேழு வருடமாக ஞானசுந்தரி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் துணி துவைக்கிற நேரத்தில்.

"தீவுன்னா, நாலு பக்கமும் கடலாங்க?"

"நாலு பக்கமும்."

"கொஞ்ச நேரம் சும்மா ஒக்காந்து பாக்கலாங்களா?"

"ஆக்கி வெச்சிட்டுத் தாராளமா பாரு. யாரு வேணான்றாங்க?"

அதோடு விட்டிருக்கலாம். தாராளம் தலைக்கேறி, தீவில் தனக்கு வேண்டியதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். காலையில் காப்பி, கூடவே இட்லி. வெயில் ஏறினால் மோர். மத்தியானம் சாம்பார், ரசம், இரண்டு கறி, அப்பளம். தூங்கி எழுந்ததும் காப்பியோடு ஏதாவது கரகரவென்று. ராத்திரிக்குத் தோசை, கடல் காற்றுக்குப் பசி எடுக்குமாம், சாமுவேல் சொல்லியிருக்கிறான். நடுவில் வேட்டி துவைத்துப் போட வேண்டும், உப்புக் காற்றில் பிசுபிசுக்கும். இந்தப் பட்டியலுக்குள் அந்தத் தாராளம் எந்த மூலையில் இருக்கிறது என்று ஞானசுந்தரி தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. வேறு எதுவும் கேட்காமல் மறுபடி மாவரைக்கத் தொடங்கினாள்.

பெண் எதுவும் கேட்காவிட்டால் அவள் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். இது ஜெகநாதன் கண்டுபிடித்ததல்ல. அவருக்கு முந்தி ஊர் முழுக்க நம்பி வந்த சித்தாந்தம்.

மாசி மாதம் புறப்பட்டார்கள். மாட்டையும் வாசலையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, கொட்டகையில் வேலை செய்யும் சொக்கம்மாளுக்கு. கூடத்தில் ஒரு குடும்பமே குடியேறுகிற அளவுக்கு மூட்டைகள் சேர்ந்துவிட்டன. அரிசி, பருப்பு, புளி, வடகம், ஊறுகாய் ஜாடி, காப்பிப்பொடி, இட்லிக் கொப்பரை, தோசைக்கல், மண்ணெண்ணெய் ஸ்டவ். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நைந்த பாயும், நசுங்கிய அலுமினியத் தட்டும், ஒரு குவளையும் தனியாகச் சுருட்டிக் கட்டியிருந்தன. இந்தக் குப்பை எதற்கு என்றார் ஜெகநாதன். வழியில் உதவும் என்றாள் அவள். அந்தத் தட்டையும் பாயையும் அவர் அதே வீட்டில் எத்தனையோ தரம் தாண்டிப் போயிருக்கிறார். தாண்டிப் போகிறவன் பார்த்துக்கொண்டா போகிறான்?

செங்கல்பட்டில் ரயிலேறி, உட்கார்ந்தே தூங்கி, பொழுது புலர்ந்த பிறகு பாம்பன் பாலத்துக்கு வந்தார்கள். வண்டி நடந்து போகிற வேகத்தில் ஊர்ந்தது. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கடல். ஞானசுந்தரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். "அந்தத் துண்ட எடு" என்றார் ஜெகநாதன். அவள் குனிந்து மூட்டைக்குள் துண்டைத் தேடி எடுத்து நிமிர்ந்தபோது பாலம் முடிந்துவிட்டது.

ஸ்டேஷனில் சாமுவேல் குதிரை வண்டியோடு நின்றான். கூடவே மார்த்தாள். வாட்டசாட்டமான மனுஷி, ஒரே வீச்சில் அரிசி மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டாள். தோப்பு சாமுவேல் சொன்னதைவிட நன்றாக இருந்தது. தென்னைகள் கடலை எட்டிப் பார்த்துக்கொண்டு சாய்ந்து நின்றன. மணல் சலித்த ரவை மாதிரி கிடந்தது. ஆளே இல்லை. தூரத்தில் மீன்பிடிக்கும் வத்தைகள் இரண்டு அசையாமல் நின்றன. குடிசைக்குள் கயிற்றுக் கட்டில் போட்டிருந்தது. ஜெகநாதன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் விழுந்தார். ஆகா என்றார். காப்பி என்றார்.

காப்பி வரவில்லை. எழுந்து வெளியே வந்து பார்த்தார். ஞானசுந்தரி குடிசைக்குள் நுழையவே இல்லை. பத்துப் பன்னிரண்டு மரம் தள்ளி, கடலோரத்துக் கடைசித் தென்னையடியில் நைந்த பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அலுமினியத் தட்டு. குவளை.

"இன்னா அங்க போயி ஒக்காந்துக்கினு கீற?"

"கிட்ட வராதீங்க. நான் தூரம்."

ஜெகநாதனுக்கு முதலில் வயிற்றில்தான் உறைத்தது. "இப்பவா?"

"அது ஒங்கள கேட்டுக்கினா வரும்?"

மாதத்தில் மூன்று நாள் வீட்டுக்குத் தூரமான பெண் அடுப்பைத் தொடக் கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது, வீட்டுக்குள் வரக் கூடாது. தனிப் பாய், தனித் தட்டு. சோற்றை யாராவது கை படாமல் மேலே இருந்து போட வேண்டும். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் அவள் மறுபடி மனுஷி. நாட்டில் ராக்கெட் விடுகிறார்கள், பெண்கள் வக்கீலாகிறார்கள், எல்லாம் சரி; சாலவாக்கத்தில் ஜெகநாதன் வீட்டில் இந்தச் சட்டத்தில் ஒரு புள்ளி மாறியதில்லை. மற்ற வீடுகளில் கொஞ்சம் தளர்ந்துவிட்டது என்று கேள்விப்படும்போதெல்லாம் அவர் மீசையைத் தடவிக்கொள்வார்.

சாமுவேலுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எங்கள் வீட்டில் அதெல்லாம் பார்ப்பதில்லை, அக்கா பேசாமல் நம் குவார்ட்டர்ஸில் வந்து படுக்கட்டும், அண்ணனுக்கு நான் சமைத்துத் தருகிறேன் என்றாள் மார்த்தாள். ஜெகநாதன் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு நேராகச் சாமுவேல் நின்றுகொண்டிருந்தான். பரம்பரை என்ன சொல்கிறது என்று கேட்கிற மாதிரி பார்த்தான், அவ்வளவுதான். உத்திரமேரூர் சவரக்கடையில் பத்துப் பேருக்கு முன்னால் விட்ட வார்த்தை, ராவோடு ராவாக ரயிலேறித் தீவுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

"வேணாம்மா. நானே பாத்துக்கறேன்" என்றார் ஜெகநாதன்.

பார்த்துக்கொண்டார். எப்படி என்று கேளுங்கள். ஸ்டவ்வைப் பற்றவைத்தால் கடல்காற்று அணைத்தது. அந்தக் காற்றை வாங்கத்தானே வந்தோம் என்று அதையும் பொறுத்துக்கொண்டார். தீக்குச்சிப் பெட்டி பாதி காலியான பிறகு ஸ்டவ் பற்றியது. கூடவே புருவமும் மீசையும் கொஞ்சம். குடிதண்ணீருக்கு மணலில் குழி தோண்டி, ஊற்று ஊறி வரும்வரை குந்தியிருந்து, கொட்டாங்கச்சியால் மொள்ள வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் முதுகு கழன்றது. அரிசியில் எவ்வளவு தண்ணீர் வைப்பது? இருபத்தேழு வருடம் சோறு தின்றவருக்கு அது தெரியவில்லை. ஏரிக்கு எத்தனை மதகு என்று தெரியும். ஜில்லா எல்லை தெரியும். சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது மட்டும் தெரியாது. ஞானசுந்தரியைக் கேட்டார். அவள் கடலைப் பார்த்தபடியே சொன்னாள். சொன்னதில் பாதியைக் காற்று எடுத்துக்கொண்டு போயிற்று.

மத்தியானம் சாய்ந்த பிறகு, சோறா கஞ்சியா என்று தீர்மானிக்க முடியாத ஒன்றையும், ஒரு குழம்பையும் சுமந்துகொண்டு அவளிடம் போனார். தூர நின்று, மேலே இருந்து தட்டில் விட்டார். அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். தன்னை அறியாமல் ஜெகநாதன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடமும் அவள் நின்ற மாதிரியே, கையில் கரண்டியோடு.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள் ஞானசுந்தரி. "பரவால்ல. சாப்பிடலாம்."

அது அவருடைய வாசகம். தினமும் மத்தியானம் அவர் சொல்கிற வாசகம். அதைத் திருப்பிக் கேட்கும்போது எப்படி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்ததால் திருந்தினார் என்று நினைக்க வேண்டாம். கோபம் வந்தது. குழம்புப் பாத்திரத்தை மணலில் வைத்து, தானே தேய்த்தார்.

மறுநாள் காலையில் பசி அவருக்குப் புதிய ஞானத்தைக் கொடுத்தது. சட்டம் போட்டவனுக்குச் சட்டத்தைத் தளர்த்தவும் உரிமை இருக்கிறதல்லவா? அவளுக்குக் கேட்கிற தூரத்தில் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். ஆசாரம் என்பது வீட்டுக்கு உண்டு, ஊருக்கு உண்டு. இது வேற்றூர். அதிலும் தீவு. நாலு பக்கமும் தண்ணீர், தண்ணீர் எல்லாத் தீட்டையும் கழுவிவிடும். யாரும் பார்க்கப் போவதில்லை. ஆகவே அவள் எழுந்து, கை கால் கழுவிக்கொண்டு, இரண்டு இட்லி ஊற்றினால் தோஷமில்லை.

ஞானசுந்தரி முதல் தடவையாகக் கடலிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"எங்கம்மா செத்தப்போ பழையசீவரத்துக்குப் போனோமே, ஞாபகம் கீதா?"

ஜெகநாதன் திரும்பி, அணைந்து கிடந்த ஸ்டவ்வைப் பார்த்தார்.

"போன எடத்துல தூரமாயிட்டேன். எல்லாரும் வாய்க்கரிசி போட்டாங்க. நான் தெருவுல வேப்பமரத்தடியில நின்னேன். அதுவும் வேற ஊருதானேங்க, பெத்தவளுக்கு ஒரு புடி அரிசி போட்டுட்டு வந்துடறேன்னு ஒங்களக் கேட்டேன். இன்னா சொன்னீங்க?"

என்ன சொன்னார் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கும் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆசாரத்துக்கு ஊர் எல்லையா கட்டிக் கீதுன்னீங்க" என்றாள் ஞானசுந்தரி. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அம்மா மொகத்தப் பாக்காமத்தான் அனுப்பி வெச்சேன். இட்லிக்காவ இப்ப அந்த ஆசாரத்தத் தாண்டச் சொல்லாதீங்க. எனக்குப் பாவம்."

திரும்பிக் கடலைப் பார்க்க ஆரம்பித்தாள். ஜெகநாதன் குடிசைக்குப் போய்த் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு நடந்தார்.

அன்று மார்த்தாள் வந்து பாயில் அவள் பக்கத்திலேயே, தோளோடு தோள் உட்கார்ந்துவிட்டாள். இளநீர் சீவிக் கொடுத்தாள். வேகவைத்த பனங்கிழங்கை நார் உரித்துக் கொடுத்தாள். இருவரும் என்னவோ பேசினார்கள். நடுவில் ஞானசுந்தரி சிரித்தாள். அடுப்பூதிக்கொண்டிருந்த ஜெகநாதன், யார் சிரிக்கிறது என்று தலையை நீட்டிப் பார்த்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

பொழுது சாய்ந்ததும், கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று பொதுவாகக் கடலிடம் சொல்லிவிட்டு, சாமுவேல் வீட்டுக்குப் போனார். பரம்பரையைத் தோப்பிலேயே விட்டுவிட்டு, சட்டை மட்டும் போட்டுக்கொண்டு போனார். தனிச் சட்டி என்று சாமுவேல் சொன்னானே, அதை அவன் இன்னொரு தரம் சொல்ல மாட்டானா? வாசலில் சாமுவேல் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

"மார்த்தா எங்க?" என்றார்.

"ஒங்க வூட்டுக்காரி கூடத்தான் கீறா. இன்னிக்குப் பூரா எனக்கும் பழையதுதான். தொட்டுக்க நேத்து வெச்ச மீன் கொழம்பு கீது. நீதான் கை நனைக்க மாட்டியே." சாமுவேல் சட்டியை ஓரமாக நகர்த்திக்கொண்டான்.

திரும்பி வரும்போது நிலா ஏறியிருந்தது. மார்த்தாள் போய்விட்டிருந்தாள். ஞானசுந்தரி காலை நீட்டி, முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அலை அவள் பாதத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. ஜெகநாதனுக்குப் பசி, புகைக் கண், கொட்டாங்கச்சி கீறிய விரல். இதெல்லாம் இருக்க, இவள் மட்டும் இப்படி உட்கார்ந்திருப்பது அநியாயமாகப் பட்டது. அநியாயம் என்றால் என்ன என்று ஒருவனுக்கு எப்போதுதான் புரிகிறது பாருங்கள்.

"இன்னாத்த அப்படிப் பாக்கற? ஏரி மாதிரிதான் கீது."

"இல்லீங்க" என்றாள் அவள். "ஏரின்னா எதிர்ல கரை தெரியும்."

கடைசி நாள் விடிந்ததும் ஞானசுந்தரி தலைக்கு ஊற்றிக்கொண்டாள். குடத்தில் இல்லை. மார்த்தாள் கையைப் பிடித்துக்கொள்ள, இடுப்பளவு கடலில் இறங்கி முங்கினாள். எழுந்தாள். மறுபடி முங்கினாள். தீட்டுக் கழிய ஒரு முழுக்குப் போதும் என்பது ஜெகநாதனுக்குத் தெரியும். அவள் வெயில் ஏறும்வரை முங்கிக்கொண்டிருந்தாள். கரையேறி, தலை துவட்டி, வண்டிக்கு நேரமாகிவிட்டதே, இனி எங்கே அடுப்புப் பற்றவைப்பது என்று வருத்தப்பட்டாள். தோசைக்கல்லை மண்ணைத் தட்டி மூட்டையில் வைத்தவர் ஜெகநாதன்.

திரும்புகாலில் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தது. ஈரக் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு ஞானசுந்தரி ஜன்னலோரத்தில் இருந்தாள். இந்தத் தடவை ஜெகநாதன் துண்டு கேட்கவில்லை. தானே தேடி எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் தோல் உரிந்திருந்தது. பாதி மீசை தீய்ந்திருந்தது. ஊரில் போய் என்ன சொல்வது? யோசித்து யோசித்து, குற்றம் யாருடையதும் இல்லை, நாள் பார்க்காமல் புறப்பட்டதுதான் என்ற முடிவுக்கு வந்தார். அடுத்த வருடம் இந்தத் தப்பு நடக்காது. நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

"இந்தா, ஞானம். அடுத்த மாசி பொறக்கறப்போ ஒன் நாளு என்னிக்கு வருதுன்னு முன்னாடியே சொல்லிடு. அது முடிஞ்சப்புறம் கெளம்பலாம்."

ஞானசுந்தரி பாலம் முடிகிறவரை கடலைப் பார்த்தாள். கடைசித் துண்டுத் தண்ணீரும் மறைந்து முள்ளுக்காடு வந்த பிறகு, அவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் எங்கங்க நாளு. நீங்க கடியாரம் வாங்கிக்கினு வந்து மாட்டினீங்களே, அந்த மாசத்தோட எனக்கு அது நின்னுபோச்சு."